நீர்க்கூழில் வளரும் பித்தக்குழாய்



பிறந்த குழந்தையின் கண்ணும் மேனியும் மஞ்சளாக இருப்பதைக் காணாத தாய்மார் நம்மில் குறைவு. பிறந்த இரண்டாம், மூன்றாம் நாளில் தோன்றும் இந்த மஞ்சள், பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வாரங்களில் மறைந்துவிடுகிறது. மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் அது மறைவதில்லை. நாளுக்கு நாள் கூடுகிறது. அப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்குக் கோளாறு இருக்கும் இடம் ஒரு நூலளவு மெல்லிய குழாய். அந்தக் குழாயைப் பற்றியும், அதன் உயிரணுக்களை விஞ்ஞானிகள் கண்ணாடித் தட்டில் வளர்த்து ஆராயும் முறையைப் பற்றியும் இன்று பார்ப்போம். செனாய் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்கு இதில் என்ன பயன் என்பதும் போகப் போக விளங்கும்.

நம் வயிற்றின் வலப்பக்கத்தில், விலா எலும்புகளுக்குக் கீழே கல்லீரல் இருக்கிறது. அது இரவு பகலாகப் பித்தநீரைச் சுரக்கிறது. சிறு வாய்க்கால்கள் கூடிப் பெரிய வாய்க்காலில் சேர்வதைப் போல, ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்கள் ஒன்றோடொன்று கூடி, கடைசியில் ஒரே குழாயாகிக் குடலில் சேர்கின்றன. உணவிலுள்ள கொழுப்பைக் கரைப்பது பித்தநீரே. பழைய இரத்த அணுக்கள் அழியும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருளை வெளியேற்றுவதும் அதுவே. மலத்துக்கு நிறம் கொடுப்பது இந்தப் பொருள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பால்மரத்தில் வெட்டுக்கோடு அடைபட்டால் பால் கோப்பைக்கு வராமல் மரப்பட்டையிலேயே வழிந்து வீணாகும். மரத்துக்கு அதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் பித்தக்குழாய் அடைபட்டால், தேங்கிய பித்தநீர் ஈரலையே அரிக்கத் தொடங்குகிறது. பிறந்த சில வாரங்களுக்குள் குழந்தையின் பித்தக்குழாய்கள் வீங்கி, தழும்பாகி, அடைந்துபோகும் நோய் ஒன்று உண்டு. அரிதான நோய்தான், ஆனாலும் ஐரோப்பாவைக் காட்டிலும் ஆசிய நாடுகளில் அதிகமாகக் காணப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் ஓரிரு ஆண்டுகளில் ஈரல் முழுவதும் கெட்டுவிடும்.

இதற்கு ஒரு வழியைக் கண்டவர் ஜப்பானிய அறுவை மருத்துவர் மொரியோ கசாய். 1950-களில் அவர், அடைபட்ட குழாயை அகற்றி, குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து ஈரலின் அடிப்பாகத்தோடு இணைத்தார். இன்றும் உலகெங்கும் இந்தச் சிகிச்சைதான் முதலில் செய்யப்படுகிறது. ஆனால் காலம் தாழ்ந்தால் பலன் குறையும். பிறந்து 60 நாட்களுக்குள் செய்வதே நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். அதன் பிறகும் பல குழந்தைகளுக்குப் பின்னாளில் மாற்று ஈரல் தேவைப்படுகிறது.

நம் தமிழ்க் குழந்தை ஒன்றின் கதையே இதற்குச் சான்று. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் கந்தசாமி இந்த நோயோடு பிறந்தவர். 1998 நவம்பரில், இரண்டு வயதுகூட நிரம்பாத நிலையில், டில்லி அப்போலோ மருத்துவமனையில் அவருடைய தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து அவருக்குப் பொருத்தினார்கள். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று சிகிச்சை அது. அந்தக் குழந்தை வளர்ந்து, மருத்துவம் படித்து, டாக்டராகவும் ஆகிவிட்டது.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஈரல் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. இந்தக் குழாய் ஏன் அடைகிறது? அடைவதைத் தடுக்க முடியுமா? கெட்ட குழாயைச் செப்பனிட முடியுமா? குழந்தையின் ஈரலைத் திறந்து வைத்துக்கொண்டு இதையெல்லாம் ஆராய முடியாது. ஆகவே குழாயின் உட்புறத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் உயிரணுக்களை வெளியே எடுத்து வளர்த்துப் பார்க்க முற்பட்டார்கள்.

முதலில் தட்டையான தட்டில் வளர்த்தார்கள். உயிரணுக்கள் பாய் விரித்தாற்போல் பரவின; ஆனால் நாளடைவில் தம் குணத்தை இழந்தன. இதில் வியப்பில்லை. உடலில் அந்த உயிரணுவுக்கு ஒரு பக்கம் பித்தநீர் ஓடும் வழி, மறுபக்கம் மெத்தென்ற சதை, இரு பக்கமும் தோழமை உயிரணுக்கள். உள் எது, வெளி எது என்று அறிந்தால்தான் அது குழாய் உயிரணுவாக வேலை செய்யும். கண்ணாடித் தட்டில் மேல், கீழ் உண்டு. உள், வெளி இல்லை.

ஆகவே நாற்புறமும் தாங்கிப் பிடிக்கும் மெத்தை ஒன்று தேவைப்பட்டது. பெருநாள் காலத்தில் நாம் செய்யும் அகார்-அகாரை எண்ணிப் பாருங்கள். பெரும்பகுதி தண்ணீர்தான், ஆனாலும் கெட்டியாக நிற்கிறது. இவ்வாறு நீரைத் தன்னுள் தேக்கிக்கொண்டு நிற்கும் பொருளை ஹைட்ரோஜெல் என்பார்கள். நாம் நீர்க்கூழ் என்று சொல்லலாம். ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் பயன்படுவது மேட்ரிஜெல் என்ற நீர்க்கூழ். எலியின் ஒருவகைக் கட்டியிலிருந்து எடுக்கப்படுவது. அகார்-அகார் சூட்டில் உருகும், ஆறினால் உறையும். மேட்ரிஜெல் இதற்கு நேர்மாறு: பனிக்கட்டியின் குளிரில் திரவமாக ஓடும், உடம்புச் சூட்டில் உறைந்துவிடும்.

வேலை நடக்கும் விதம் இதுதான். அறுவையில் அகற்றப்பட்ட பித்தப்பை அல்லது குழாயிலிருந்து உயிரணுக்களைப் பிரித்தெடுப்பார்கள். பனிக்கட்டியில் வைத்த நீர்க்கூழோடு அவற்றைக் கலந்து, முன்பே சூடாக்கிய தட்டில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒவ்வொரு சொட்டும் ஒரு சின்னக் குமிழ்போல் நிற்கும். உயிரணுக்கள் அடியில் படிந்துவிடாதிருக்கத் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, 37 பாகை சூடுள்ள பெட்டியில் உறைய விடுவார்கள். பிறகு ஊட்டச் சத்தும் வளர்ச்சிப் பொருட்களும் கலந்த நீரை அதன்மேல் ஊற்றி, சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். நாற்றுமேடையில் செம்பனைக் கன்றுக்கு நேரம் தவறாமல் தண்ணீரும் உரமும் வைப்பதைப் போன்ற வேலை இது.

சில நாட்களில், தனித்தனியாக விதைத்த உயிரணுக்கள் பெருகிக் கூடி, உள்ளே வெற்றிடமுள்ள சிறு பந்துகளாகின்றன. யாரும் அச்சில் வார்க்காமலே, குழாயின் உட்புறத்தை அவை தாமே அமைத்துக்கொள்கின்றன. இத்தகைய சின்ன உறுப்புக்கு ஆர்கனாய்டு என்று பெயர்.

உருண்டையாக வந்துவிட்டதால் மட்டும் அது பித்தக்குழாய் ஆகிவிடாது. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பது குணத்தில் வேறாக இருக்கலாம். இதை நம் ஜொகூர் செம்பனைத் தோட்டங்களே காட்டின. 1970-களின் பிற்பகுதியில் குளுவாங் வட்டாரத்தில், ஆய்வுக்கூடத்தில் திசுவிலிருந்து வளர்த்த செம்பனைக் கன்றுகளை நட்டார்கள். 1980-களில் இவ்வகைக் கன்றுகளில் சில வளர்ந்து மரமானபோதுதான் கனிகள் கோணலாகி, எண்ணெய் குறைந்து போனது தெரிந்தது. நாற்றாக இருந்தபோது எந்த வேறுபாடும் கண்ணுக்குத் தெரியவில்லை. மலேசியச் செம்பனை வாரியத்தின் விஞ்ஞானிகள், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி உள்ளிட்டோர், 2015-ஆம் ஆண்டில் காரணத்தை வெளியிட்டார்கள். மரபுப் பொருளில் ஓரிடத்தில் இருக்கவேண்டிய ஒரு வேதி அடையாளம் வளர்ப்பின்போது அழிந்துபோயிருந்தது. அந்த இடத்துக்கு விஞ்ஞானிகள் வைத்திருந்த பெயர், கர்மா!

ஆகவே பித்தக்குழாய்ப் பந்துகளையும் சோதித்துத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். குழாய் உயிரணுவுக்கே உரிய கெரட்டின் என்ற புரதம் இருக்கிறதா என்று சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஒளிரும் சாயமொன்றை வெளியே கலந்தால், அதை உயிரணுக்கள் பந்தின் உள்ளே கடத்துகின்றனவா என்று கவனிக்கிறார்கள். உடலில் பித்தக்குழாய் நீர் சுரக்கக் கட்டளையிடும் செக்ரெட்டின் என்ற பொருளைக் கொடுத்தால், நல்ல பந்து நீர் சுரந்து உப்ப வேண்டும். இவற்றோடு மரபுப் பொருளில் மாறுதல் ஏதும் உண்டா என்றும் பார்க்கிறார்கள்.

இந்தப் பந்துகளால் விளைந்த பயனுக்கு ஆட்டுக்குட்டிகளின் கதை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் 1964-லும் 1988-லும், வறட்சியால் அணைக்கட்டு நீர் வற்றியபோது, கரையில் முளைத்த ஒருவகைக் களைச்செடியைச் சினையாடுகள் மேய்ந்தன. பிறந்த குட்டிகளுக்கு மஞ்சள் கண்டது, பித்தக்குழாய் அடைபட்டிருந்தது. 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அச்செடியிலிருந்து நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதை நீர்க்கூழில் வளர்த்த பந்துகளில் கலந்ததும், உள்ளே இருந்த வெற்றிடம் அடைபட்டது. உயிரணுக்களைக் காக்கும் குளூட்டாதையோன் என்ற பொருள் குறைந்துபோனதே காரணம் என்றும் கண்டார்கள். நம் தாய்மார் அந்தச் செடியைத் தின்பதில்லை. மனிதக் குழந்தைக்கு நோய் வர அது காரணமும் அல்ல. ஆனால் குழாய் எவ்வாறு அடைகிறது என்பதைக் கண்முன்னே பார்க்க முடிந்தது. தட்டையான பாயில் உள்வழியே இல்லாதபோது, அது அடைபடுவதை எப்படிப் பார்ப்பது?

செப்பனிடும் முயற்சியும் நடக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 2017-ஆம் ஆண்டில், மனிதக் குழாய் உயிரணுக்களை இவ்வாறு வளர்த்து, எலியின் பித்தப்பையையும் பித்தக்குழாயையும் சீர்செய்தார்கள். 2021-ஆம் ஆண்டில் இன்னொரு படி ஏறினார்கள். மாற்று சிகிச்சைக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட மனித ஈரலை இயந்திரத்தின் துணையால் உயிரோடு வைத்து, அதன் குழாய்களில் வளர்த்த உயிரணுக்களைச் செலுத்தினார்கள். அவை சேதமான இடத்தில் ஒட்டிக்கொண்டு, பித்தநீர் ஓட்டத்தைச் சீராக்கின.

இவ்வளவும் கேட்டபின், இது எப்போது மருத்துவமனைக்கு வரும் என்று கேட்பீர்கள். இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. எலிக் கட்டியிலிருந்து வந்த நீர்க்கூழை மனித உடலில் வைக்க முடியாது. அதற்கு ஈடான தூய நீர்க்கூழ்களை உருவாக்க முயல்கிறார்கள். ஆகவே இன்று பிறக்கும் பிள்ளைக்கு உதவக்கூடியது, காலத்தில் கண்டுபிடிப்பதுதான். அதற்கு நுண்ணோக்கி வேண்டாம். தாயின் கண் போதும்.

முதல் வாரத்து மஞ்சளைத் தாதியிடம் காட்டி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். 14 நாட்களுக்குப் பிறகும் மஞ்சள் நீடித்தால் சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தீங்கில்லாத மஞ்சளும் சில வாரம் நீடிப்பதுண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது இரத்தப் பரிசோதனைதான்.

துணி மாற்றும்போதெல்லாம் மலத்தின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள், பச்சை, பழுப்பு என்றால் பித்தநீர் குடலுக்கு வருகிறது. அரிசிமாவைப் போலவோ, வெளுத்த களிமண்ணைப் போலவோ இருந்தால் வழி அடைபட்டிருக்கலாம். சிறுநீர் துணியில் அழுத்தமான மஞ்சள் கறை படிய வைத்தால் அதுவும் எச்சரிக்கையே. தைவான் நாட்டில், மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையைத் தாய்மாரிடம் கொடுத்த பிறகு, 60 நாட்களுக்குள் அறுவை பெறும் குழந்தைகளின் தொகை கூடியது.

பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது; இந்நோயுள்ள குழந்தை முதல் சில வாரங்களில் நலமாகவே தோன்றும். வெயில் காட்டியும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் நாளைக் கடத்த வேண்டாம். பிரசவத்துக்கு உதவும் பாட்டிமாரும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காமாரும் இதை அறிந்திருக்க வேண்டும். நாள் மொத்தம் 60. அதில் 14 ஏற்கெனவே போய்விட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.