மைக் இல்லாத கூடம்

பியானோவும் தந்தி வாத்தியங்களும் சேர்ந்த சேம்பர் மியூசிக் மாலை என்றால், அது பாலக்காட்டுக் காதுக்கு ஒட்டாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொசார்ட் 1785இல் எழுதிய ஜி மைனர் பியானோ குவார்டெட்டில் பியானோ, வயலின், வயோலா, செல்லோ என நான்கே பேர், நடத்துநர் கிடையாது. ஒருவர் விட்டதை மற்றவர் எடுப்பதும், ஒரே மூச்சில் சேர்ந்து நிறுத்துவதும்தான் அங்கே வேலை. கல்பாத்தி அக்கிரகாரத்தில் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து நடக்கும் கச்சேரியிலும் இதுதானே நடக்கிறது? நிரவலில் பாடகர் விட்ட இழையை வயலின் பிடித்துக்கொள்ள, மிருதங்கம் அதற்கேற்ப அடங்கியும் நிமிர்ந்தும் வரும். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) ஒரு கட்டத்தில் மைக் வைத்த கச்சேரிகளில் வாசிக்க மறுத்ததை வெறும் பிடிவாதம் என்று தள்ள முடியாது. தொப்பியில் எழும் கும்கி எத்தனை தூரம் போகவேண்டும் என்பதை விரல்தானே தீர்மானிக்கவேண்டும்! அந்த அளவு தெரிந்த காதுக்கு மொசார்ட்டின் நால்வர் அந்நியர் அல்லர்.

வயலின் வந்து நிலைத்ததே, பியானோ ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பார்கள். பாலுசாமி தீட்சிதர் காலத்திலிருந்து நம்மவர்கள் வயலினை மாற்றவில்லை, பிடிக்கும் விதத்தைத்தான் மாற்றினார்கள். தலைப்பகுதியைக் கணுக்காலில் சாய்த்ததும் இடது கை தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டு, தந்தியில் தாராளமாக வழுக்கியது, கமகம் கைவந்தது. பியானோவின் 88 கட்டைகளிலோ தோடியின் காந்தாரத்தை அசைக்க வழியில்லை. உண்மைதான். ஆனால் மொசார்ட்டை வாசிக்க யாரும் அதைக் கேட்பதில்லையே. அதே குறைக்காக அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கிவைத்த ஆர்மோனியம், பஜனைகளில் பாட்டுக்கு ஜோராகத் துணைபோகிறது. எழுதி வைத்ததை வாசிப்பதில் மனோதர்மம் எங்கே என்ற கேள்விதான் கனமானது. தனி ஆவர்த்தனத்தின் திடீர் வியப்பு அங்கே கிடைக்காது. பல குரல்கள் ஒரே நேரத்தில் இசைந்து நகரும் ஹார்மனி கிடைக்கும். அதன் ருசியை எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன் சினிமாப் பாட்டு வழியாக ஏற்கெனவே காட்டிவிட்டார்.

மெய்யான இடைஞ்சல் காற்றில் இருக்கிறது. மழைக்காலத்து ஈரத்தில் பியானோவின் ஒலிப்பலகை உப்பும். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று வீசும்போது சுருங்கும். மிருதங்கத்தையாவது மேடையிலேயே கல்லால் தட்டிச் சுருதி சேர்த்துவிடலாம். 200க்கு மேல் தந்திகள் உள்ள பியானோவுக்கு, அன்று காலையிலேயே ட்யூனர் வந்து உட்கார்ந்தாகவேண்டும்.