யுத்த மந்திரி காலிபே பிரபு

1899-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி பாரிஸ் நகரில் பிரெஞ்சு மக்கள் சபை கூடியது. வால்டெக் ரூஸோ அமைத்த புதிய மந்திரி சபை அன்றுதான் உறுப்பினர்களுக்கு முன் தோன்றிற்று. யுத்த மந்திரியாக வந்தமர்ந்த 69 வயது முதியவரைக் கண்டதும் இடதுசாரி வரிசைகளிலிருந்து "கொலைகாரன்!" என்ற கூக்குரல் எழுந்தது. அம்முதியவர் அஞ்சவுமில்லை, தலைகுனியவுமில்லை. "கொலைகாரனா? ஆஜர்!" என்று, பள்ளியில் பெயர் கூப்பிட்டவுடன் மாணவன் குரல் கொடுப்பது போல் விடையிறுத்தார் என்பர்.

அவர்தாம் காஸ்தோன் தெ காலிபே. மார்க்கி என்னும் பிரபுப் பட்டம் உடையவர். 1830-இல் பாரிஸில் பிறந்து, 18 வயதில் குதிரைப்படையில் சேர்ந்தவர். கிரிமியா, இத்தாலி, அல்ஜீரியா என்று போர் நடந்த இடமெல்லாம் சென்றார். 1863-இல் மெக்சிகோ நாட்டின் புவெப்ளா நகர முற்றுகையில் வயிற்றில் படுகாயமுற்றார். அக்காயத்தை ஒரு வெள்ளித் தகடு கொண்டு மூடியிருந்ததாக ஊரில் பேச்சு. அப்பேச்சை அவர் மறுத்ததைவிட ரசித்ததே அதிகம் போலும்!

அவர் புகழ் ஓங்கியது ஒரு தோல்வியில். 1870 செப்டம்பர் முதல் தேதி செடான் களத்தில் ஜெர்மானியர் பிரெஞ்சுச் சேனையை வளைத்துக்கொண்டனர். குதிரைப்படைத் தலைவர் மார்கெரித் முகத்தில் குண்டு பாய்ந்து வீழ்ந்தார். அவர் இடத்தை ஏற்ற காலிபே, துப்பாக்கி வரிசைகளின்மேல் குதிரைகளை மீண்டும் மீண்டும் செலுத்தினார். வெற்றி கிட்டாது என்பது அவருக்கும் தெரியும், ஏவிய தளபதிக்கும் தெரியும். எதிரே குன்றின்மேல் நின்று நோக்கிய பிரஷ்ய மன்னர் வில்லியமே, "ஆ, என்ன வீரர்கள்!" என்று வியந்தாராம்.

இந்த இடத்தோடு அவர் கதை முடிந்திருந்தால் பாடப் புத்தகங்களுக்கு ஏற்ற வீரராக நின்றிருப்பார். ஒன்பது மாதங்கூடக் கழியவில்லை. 1871 மார்ச்சில் பாரிஸ் மக்கள் கம்யூன் என்னும் தனி ஆட்சியை நிறுவினர். மே 21 முதல் 28 வரை அரசாங்கச் சேனை அதனைத் தெருத்தெருவாக அடக்கியது. கைதிகளை வெர்சேல்ஸ் நகருக்கு நடத்திச் சென்ற வழியில் காலிபே வரிசைகளை நிறுத்தி, கையால் சுட்டி ஆட்களைப் பிரித்தெடுத்துச் சுடச் செய்தார். நரைத்த தலையினர் 1848-ஆம் ஆண்டுக் கலகத்தையும் கண்டிருப்பர், ஆதலால் இருமடங்கு குற்றவாளிகள் என்பது அவர் தர்க்கம் என்று அக்காலத்தவர் எழுதி வைத்துள்ளனர். விசாரணையில்லை, சாட்சியில்லை, தலைமயிரே சாட்சி. செடானில் தம் உயிரைத் துரும்பாக மதித்தவர் இங்குப் பிறர் உயிரையும் அவ்வாறே மதித்தார். வீரம் என்று நாம் ஒரே சொல்லால் குறிக்கும் குணத்தில் எத்தனை கலந்து கிடக்கிறது!

பின்னர் அவர் குடியரசை ஏற்று, காம்பெத்தாவின் நண்பராகிக் குதிரைப்படையைச் சீர்திருத்தினார். 1895-இல் ஓய்வு பெற்றார்.

ஓய்ந்திருந்தவரை 1899-இல் அழைக்கக் காரணம் டிரைபஸ் வழக்கு. யூத இனத்தவரான காப்டன் ஆல்பிரட் டிரைபஸ், ஜெர்மனிக்கு இரகசியம் விற்றதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பெற்று 1894-இல் தண்டிக்கப்பட்டு, பிசாசுத் தீவில் அடைக்கப்பட்டிருந்தார். உண்மையைக் கண்டறிந்து சொன்ன பிக்கார் என்ற அதிகாரி சிறை புகுந்தார். போலிப் பத்திரம் தயாரித்த ஹென்றி என்ற அதிகாரி 1898-இல் அதனை ஒப்புக்கொண்டு தற்கொலை செய்துகொண்டார். ஆயினும் சேனாதிபதிகள் தங்கள் தவற்றை ஏற்க மறுத்தனர். அவர்களை அடக்க வக்கீல் மந்திரியால் ஆகாது. தேசபக்தி இல்லாதவன் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு போர்வீரன் வேண்டும் என்று வால்டெக் ரூஸோ கருதினார். அதே மந்திரி சபையில் மில்லரான் என்ற சோஷலிஸ்டும் அமர்ந்தார். கம்யூனில் பங்கு கொண்ட வையான் முதலியோர் இதைப் பொறாது சோஷலிஸ்ட் குழுவிலிருந்தே விலகினர். அவர்கள் சினத்தை யார் தவறென்பார்? ஜோரே என்ற சோஷலிஸ்ட் தலைவரோ, நிரபராதி ஒருவன் வீடு திரும்ப வேண்டுமே என்று ஆதரித்தார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

காலிபே ஏற்ற வேலையைச் செய்தார். பாரிஸ் இராணுவ கவர்னரை மாற்றினார். முறுமுறுத்த நெக்ரியே என்ற தளபதியைப் பதவியிலிருந்து இறக்கினார். ஆனால் 1899 செப்டம்பர் 9-ஆம் தேதி ரென் நகர இராணுவ நீதிமன்றம், எழுவரில் ஐவர் வாக்கால் டிரைபஸ் மீண்டும் குற்றவாளியே என்று தீர்த்து 10 ஆண்டு தண்டனை விதித்தது. அத்தீர்ப்பை எதிர்த்தால் சேனை முழுதும் ஒரு பக்கம் திரண்டுவிடும் என்று காலிபே அஞ்சினார். மன்னிப்பு வழங்கும்படி அவர் எழுதிய அறிக்கையின்பேரில் ஜனாதிபதி லூபே செப்டம்பர் 19-ஆம் தேதி கையெழுத்திட்டார். டிரைபஸ் விடுதலையானார், குற்றவாளி என்ற பெயருடனேயே.

இரண்டு நாள் கழித்துக் காலிபே சேனைக்கு விடுத்த கட்டளையில் "விவகாரம் முடிந்தது" என்றார். நீதிபதிகளின் தீர்ப்புக்கும் வணக்கம், ஜனாதிபதியின் கருணைக்கும் வணக்கம், பழையதை மறவுங்கள் என்பது அதன் சாரம். காரியாலயத்தில் காகிதங்களோடு உழல்பவனாதலால் இவ்வாசகம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. மனு கொடுத்தவனின் குறை அப்படியே இருக்கும். நாம் கட்டைச் சிவப்பு நாடாவால் கட்டி அலமாரியில் வைத்துவிடுவோம். டிரைபஸோ அன்றே, மானத்தை மீட்கும்வரை ஓயேன் என்று அறிவித்துவிட்டார்.

1900 மே மாதம் சபையில் பிரதம மந்திரி ஓர் இராணுவ அதிகாரியின் செயலைத் துரோகம் என்று கடிந்தார். காலிபே எழுந்து வெளியே சென்றார். உடல்நலக் குறைவு என்று எழுதிக் கொடுத்துப் பதவி துறந்தார். சுமார் 11 மாதமே மந்திரியாக இருந்தார்.

1906 ஜூலை 12-ஆம் தேதி பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் டிரைபஸ் நிரபராதி என்று தீர்த்தது. அவ்வாண்டு அக்டோபரில் யுத்த மந்திரி நாற்காலியில் அமர்ந்தவர், முன்பு சிறை புகுந்த அதே பிக்கார். காலிபே அப்பொழுது உயிரோடிருந்தார். 1909 ஜூலையில்தான் காலமானார்.