உடம்பின் ஊர்வழி – 14: கழுத்திலிருந்து புறப்பட்ட குடல் நரம்பு

சென்ற வாரம் இரைப்பையோடு நிறுத்தினோம். குடலுக்குள் இறங்கும் முன் ஒரு கோழி முட்டையைப் பார்த்துவிடலாம்.

ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா பக்கம் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு அடை வைப்பது தெரிந்த வேலைதான். 21 நாள் கணக்கு. ஒரு வாரம் ஆனதும் பாட்டி முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சிவப்பு இழைகள் கிளை பிரிந்து ஓடினால் கரு கூடியிருக்கிறது. வெறுமையாகத் தெரிந்தால் கூமுட்டை. அந்த இழைகள் இரத்தக் குழாய்கள். டார்ச்சுக்கு எட்டாத இன்னொரு வேலையும் அதே வாரத்தில் உள்ளே மும்முரமாக நடக்கிறது. குஞ்சின் குடலுக்கு நரம்பு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

வந்து சேர்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். குடலின் தசை அடுக்குகளுக்கிடையே வலைபோலப் பரவி, மூளையைக் கேட்காமலே உணவைத் தள்ளிவிடும் அந்த நரம்பணுக்கள் குடலில் பிறந்தவை அல்ல. கருவின் முதுகில் நரம்புக் குழாய் மூடிக்கொள்ளும்போது அதன் விளிம்பிலிருந்து உதிர்ந்து கிளம்பும் அணுக்கூட்டத்துக்கு நரம்பு முகடு என்று பெயர். 1954இல் யின்டெமா, ஹாமண்ட் என்ற இருவர் கோழிக்கருவின் கழுத்துப் பக்க முகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். குடல் வளர்ந்தது, அதில் நரம்பணு இல்லை. ஆனால் எந்த அணு எந்த வழியே எங்கே போனது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் கோழி அணு. ஒன்றுக்கும் அடையாளம் கிடையாது.

அடையாளம் தந்தது காடை. நம் ஊர்ப் பாசார் மாலாமில் விற்கிறார்களே, அதே ஜப்பானியக் காடைதான். பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோல் லெ துவாரேன் 1969இல் ஒன்றைக் கவனித்தார். சாயம் ஏற்றிப் பார்த்தால் காடை அணுவின் உட்கருவுக்குள் அடர்ந்த புள்ளி ஒன்று தெரிகிறது. கோழி அணுவில் அப்படித் தெரிவதில்லை. உடனே அதைக் கருவியாக்கிக்கொண்டார். இரண்டு நாள்கூட ஆகாத கோழி முட்டையின் ஓட்டில் சன்னல் போலத் திறந்து, கருவின் நரம்புக் குழாயில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, அதே இடத்துக் காடைத் துண்டைப் பதிப்பார்கள். பிறகு ஓட்டை ஒட்டி மூடி மறுபடி அடைக்கு வைப்பார்கள். சில முட்டைகள் பொரிந்தும்விடும். அந்தக் கோழிக்குஞ்சின் உடம்பில் ஓரிடத்தில் மட்டும் காடை நிற இறகு! கண்ணாடி ஊசியும் பொறுமையுமாகச் செய்த இந்த வேலையை, இருபதாம் நூற்றாண்டின் மிக அழகான சோதனைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

1973இல் லெ துவாரேனும் மாரி-எமே தெய்யேயும் விடையை வெளியிட்டார்கள். குடல் நரம்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை கழுத்துப் பக்கத்திலிருந்து வருகின்றன. முதுகெலும்பாகப் போகும் துண்டுகளின் வரிசையில் முதல் ஏழுக்கு நேரான இடம் அது. மூன்றாம் நாள் வாக்கில் முன்குடலுக்குள் நுழைந்து, ஆறாம் நாள் வாக்கில் குருட்டுக்குடல்கள் இருக்கும் இடத்தை நெருங்கி, எட்டாம் நாள் வாக்கில் கடைசி முனையைத் தொடுகின்றன. இடையில் குடலும் நீண்டுகொண்டே போகிறது. குடல் சுவர் சுரக்கும் ஒரு புரதம் அவற்றை முன்னே இழுக்கிறது. கூட்டம் பெருகப் பெருகப் பின்னாலிருந்தும் நெருக்குகிறது. ஒரு டிவிஷன் லயம் நிறைந்ததும் அடுத்த டிவிஷனுக்கு ஆள் போனது போலத்தான். வால் பக்கத்திலிருந்தும் ஒரு சிறு கூட்டம் கிளம்பி, வெளியே காத்திருந்து, கடைக்குடலுக்குள் பிந்தி நுழைகிறது. ஆனால் கழுத்துக் கூட்டம் வராவிட்டால் அந்த இடத்தை இதனால் நிரப்ப முடியாது.

மனிதக் கருவிலும் இதே பயணம்தான். அது முடியாமல் பாதியில் நின்றால் கடைக்குடலில் நரம்பணு இல்லாத ஒரு துண்டு மிஞ்சும்; அது விரியாது, மலத்தைத் தள்ளாது. 1886இல் ஹர்ஷ்ஸ்ப்ருங் என்ற டென்மார்க் மருத்துவர் விவரித்ததால் நோய்க்கு அவர் பெயர். ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆண் குழந்தைகளுக்கே அதிகம். நரம்பில்லாத துண்டை அறுவை செய்து எடுத்துவிட்டு, நல்ல குடலை ஆசனவாயோடு இணைப்பதே சிகிச்சை.

இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. பிள்ளை வெளிக்குப் போகவில்லையென்றால் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைப்பார்கள். இந்த நோயுள்ள பிள்ளைக்கும் அப்படித் தூண்டினால் மலமும் காற்றும் பீறிட்டு வரலாம். வயிறு வற்றும், வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள், நோய் உள்ளேயே இருக்கும். தாமதித்தால் குடல் அழற்சி உயிருக்கே ஆபத்தாகும்.

ஆகவே பிறந்த குழந்தை 48 மணி நேரத்துக்குள் முதல் கருமலம் போகாவிட்டால், அல்லது வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தால், காம்பைத் தேட வேண்டாம். பச்சை வாந்தி என்றால் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் கிளினிக் மிஸ்ஸியிடம் முதல் மலம் எப்போது போனது என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.