பூச்சு வேலை பாக்கியா?

சாந்திநிகேதனுக்குப் போகும் நம் சங்கத்து அன்பர்கள், தாகூர் வாழ்ந்த வீடுகளைப் பார்த்துவிட்டு, ஒரு தோல்பையும் வாங்கிக்கொண்டு போல்பூர் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை கலாபவனத்தில் உள்ள 'சந்தால் குடும்பம்' சிற்பத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ராம்கிங்கர் பைஜ் 1938-ல் செய்தது அது. 1906-ல் பாங்குராவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வெண்கலத்துக்கும் பளிங்குக்கும் எங்கே போவார்? சிமெண்டில் அந்த வட்டாரத்துச் செஞ்சரளையைக் கலந்து, கம்பிக் கூட்டின் மேல் கையாலேயே அப்பி, ஆளுயரத்துக்கு மேல் எழுப்பிவிட்டார். தோளில் காவடித் தண்டோடு ஓர் ஆண், அதில் தொங்கும் கூடையில் குழந்தை, பக்கத்தில் மனைவி, கூடவே ஒரு நாய். இருக்கிற உடைமைகளோடு வேறிடம் தேடிப் போகிறார்கள்.

ரயில்வேயில் கான்கிரீட்டோடு காலம் தள்ளியவன் நான். பலகை பிரித்ததும் ஜல்லி தெரிந்தால் காண்டிராக்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவோம். முதல் தடவை இந்தச் சிற்பத்தைப் பார்த்தபோதும், பூச்சு வேலை பாக்கி என்றே நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வழவழப்பான பரப்பில் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும். கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். இங்கே ஒவ்வொரு சரளைக்கும் கீழே கடுகளவு நிழல். அதனால் உடல் பளபளக்காமல் கனத்து நிற்கிறது. காலடி மண்ணின் சரளையே உடம்பிலும் இருப்பதால், அந்த மண்ணே எழுந்து நடப்பது போலிருக்கிறது. சிமெண்ட் பூசி மட்டப்பலகை போட்டிருந்தால் வெறும் பொம்மைதான்.

அடுத்தது வெளி. தண்டுக்கும் கூடைக்கும் நடுவே, ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே விட்ட இடைவெளிகளைக் கவனியுங்கள். சுற்றி நடக்க நடக்க ஒன்று மூடும், இன்னொன்று திறக்கும். அதன் வழியே மரமும் வானமும் தெரியும். நாம் நடக்கிறோம், அவர்களும் நடப்பதாகத் தோன்றுகிறது. உயரமான பீடமும் கிடையாது. தலைவர்கள் சிலையை அண்ணாந்து பார்த்தே பழகிவிட்ட நமக்கு இது புதிது.

1956-ல் அவர் செய்த 'ஆலைச் சங்கு' சிற்பமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. ஆலைக்கு ஓடும் இரண்டு பெண்கள். பின்னால் பறக்கும் ஈரச் சேலை. அங்கே காற்றுக்கும் இடம் விட்டிருக்கிறார்.

ஒரு கவலை உண்டு. சிமெண்டுக்குள் ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்து, மேல் சிமெண்டை வெடிக்கச் செய்யும். பாலங்களில் இதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. பாலமானால் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசிவிடலாம். இங்கே ஒரு கரண்டி கலவை வழவழவென்று விழுந்தாலும் அந்த இடம் செத்துவிடும். அதே அளவுச் சரளையைச் சலித்தெடுத்து, கையாலேயே அப்ப வேண்டும்.

வெயில் சாய்ந்த பிறகு போங்கள். சரளையின் நிழல் நீளும் நேரம் அது. நாய் நிற்கும் பக்கத்திலிருந்து சுற்றத் தொடங்குங்கள்.