உறைந்த கோழியும் விருந்து நாளும்

சென்ற ஆண்டு காணும் பொங்கலன்று எங்கள் விடுதி அறையில் ஒரு விருந்து நடந்தது. ஊரை விட்டு எவ்வளவு தொலைவில் இருந்தால் என்ன, அன்றைக்குக் கறி இல்லாமல் சாப்பிட மனம் வருமா? கல்லைப் போல் உறைந்த முழுக் கோழி ஒன்று முதல் நாள் மாலையே வந்து சேர்ந்தது. “வெளியே வைத்தால் விடிவதற்குள் இளகிவிடும்” என்றார் ஒரு நண்பர். அறையில் ஹீட்டர் இரவெல்லாம் எரிந்தது. காலையில் தொட்டுப் பார்த்தால் கோழி மேலே மெத்தென்று இருந்தது, வயிற்றுக்குள்ளோ பனிக்கட்டி! உடனே குளிப்பதற்குக் காய்ச்சிய வெந்நீர் வாளியில் அதை முக்கினோம். பகலில் குழம்பு மணத்தது. தொடையில் எலும்பை ஒட்டிய சதை சரியாக வேகாததைப் பசியில் யாரும் பொருட்படுத்தவில்லை. மறுநாள் ஆறு பேரில் மூவர் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டார்கள். ஒருவர் செய்முறைத் தேர்வையே இழந்தார். பிழை கடைக்காரருடையது அன்று, எங்களுடையதுதான். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி நேர்ந்தது வெட்கத்துக்குரியது. ஆகவே, இவ்வாண்டு பொங்கலுக்கு முன்பே நம் சங்கத்துத் தோழர்களுக்கு இதை எழுதுகிறேன்.

உறைந்த கோழி இளகுவதற்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது? கணக்கைப் பார்ப்போம். ஒன்றரைக் கிலோ கோழியில் ஏறத்தாழ ஒரு கிலோ தண்ணீர் இருக்கிறது. பிரீசரின் குளிர்நிலை சைபருக்குக் கீழே 18 டிகிரி. அங்கிருந்து சைபர் டிகிரி வரை அந்தப் பனிக்கட்டியைக் கொண்டுவரச் சுமார் 9,000 கலோரி வெப்பம் போதும். ஆனால் சைபர் டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியை அதே சைபர் டிகிரித் தண்ணீராக மாற்ற, கிராமுக்கு 80 கலோரி வீதம் 80,000 கலோரி வேண்டும்! இதுவே உள்ளுறை வெப்பம். கோழி மணிக்கணக்காக அசையாமல் கிடப்பது போலத் தோன்றுவதன் காரணம் இதுதான்.

இன்னொரு தடையும் உண்டு. பனிக்கட்டி வெப்பத்தை நன்றாகக் கடத்தும். தண்ணீர் அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே கடத்தும். கோழி வெளியிலிருந்து இளகத் தொடங்கியதும், இளகிய சதையே ஒரு கம்பளியைப் போல உள்ளே இருக்கும் பனிக்கட்டியைப் போர்த்திக்கொள்கிறது. வெளியே எவ்வளவு சூடு ஏற்றினாலும் அது மேற்புறத்திலேயே நின்றுவிடும். உள்ளே பனி, வெளியே வெதுவெதுப்பு. இதைவிட ஆபத்தான நிலை வேறில்லை.

ஏன் ஆபத்து? குளிர் உணவைக் காக்கும் என்பது பழைய செய்தி. ஆங்கில நாட்டு அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் ஒரு கோழியின் வயிற்றில் பனியைத் திணித்துச் சோதித்தார் என்றும், அப்போது கண்ட குளிர்ச்சியினாலேயே 1626-இல் உயிர்விட்டார் என்றும் ஜான் ஆப்ரி எழுதிவைத்த கதை ஒன்று உண்டு. கதை எப்படியாயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது: குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. பச்சைக் கோழியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் விழித்துப் பெருகும். வெதுவெதுப்பான இடத்தில் சில வகைகள் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். “பின்னால் வேகவைக்கத்தானே போகிறோம்?” என்று கேட்கலாம். சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு கொதித்தாலும் அழிவதில்லை.

ஆகவே வழி ஒன்றுதான். கோழியின் மேற்புறமும் குளிர்ந்தே இருக்க, உட்புறம் மெல்ல இளக வேண்டும். அதற்குக் காலம் கொடுக்க வேண்டும்.

முதல் வழி, எல்லாவற்றிலும் சிறந்தது, குளிர்ப்பெட்டியில் வைப்பது. ஒன்றரை, இரண்டு கிலோ கோழிக்கு ஒரு முழு நாள் என்று கணக்கிடுங்கள். பொங்கலன்று இரவு கோழியைப் பிரீசரிலிருந்து எடுத்து, ஆழமான பாத்திரத்தில் இட்டுக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். மேல்தட்டில் வைத்தால் வடியும் நீர் கீழே இருக்கும் தயிரிலும் பழத்திலும் சொட்டும். மாட்டுப் பொங்கல் இரவில் மசாலா தடவி, மறுபடியும் குளிர்ப்பெட்டியிலேயே வைக்கலாம். காணும் பொங்கல் காலையில் கவலையின்றி அடுப்பு மூட்டலாம்.

மறந்துவிட்டால் இரண்டாவது வழி, பச்சைத் தண்ணீர். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கோழியை ஒழுகாத பையில் கட்டி, வாளித் தண்ணீரில் முழுக அமிழ்த்துங்கள். அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோவுக்கு அரைமணிக்குச் சற்று அதிகமாக வைத்துக்கொண்டால், ஒன்றரைக் கிலோ கோழி இரண்டு மணி நேரத்தில் இளகும். இந்த வடநாட்டு மார்கழி, தை மாதக் குழாய்த் தண்ணீர் இதற்கு மிகவும் ஏற்றது. நம்மைக் குளிக்கவிடாமல் அழவைக்கும் அந்தத் தண்ணீர் இங்கே நண்பனாகிறது. வெந்நீர் மட்டும் கூடாது. இளகியதும் தாமதியாமல் சமைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, மைக்ரோவேவ் அடுப்பு. அதில் சில இடங்கள் வெந்தும் சில இடங்கள் உறைந்தும் இருக்கும். எனவே எடுத்த கையோடு சமைக்க வேண்டும். ஒன்றுக்கும் நேரமில்லையா? துண்டுக் கறியை உறைந்தபடியே குழம்பில் வேகவைக்கலாம். வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு நேரம் கொடுங்கள், துண்டுகள் ஒட்டிக்கொண்டிராமல் பிரித்துவிடுங்கள். ஆனால் பனியோடு எண்ணெயில் போடாதீர்கள்; எண்ணெய் வெடித்துத் தெறிக்கும்.

இளகியதா என்று பார்க்க வயிற்றுக்குள் விரலை விட்டுத் துழாவுங்கள். தொடை மூட்டை மடக்கிப் பாருங்கள். பனி நெரிபட்டால் இன்னும் பொறுங்கள். பச்சைக் கறியைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் கிருமி போகாது. தெறிக்கும் நீரோடு பக்கத்திலிருக்கும் கொத்தமல்லிக்குப் போகும். அதைக் கொல்வது நெருப்புத்தான். சதையின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். அளப்பதற்குச் சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்; ஆய்வுக்கூடத்து வெப்பமானியைத் தயவுசெய்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

ஊரில் இந்தக் கவலை எல்லாம் நம் அம்மாக்களுக்கு இருந்ததில்லை. காலையில் அறுத்த கோழி பகலில் குழம்பாயிற்று. நமக்கு வாய்த்ததோ பிரீசர் கோழி. விருந்து எத்தனை மணிக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, கோழியை எடுத்து வைக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்மை நம்பி இலை முன் அமரும் தோழருக்கு நாம் செய்யும் முதல் உபசாரம் அதுவே.