கட்டை இழுக்கும் பழைய மெசின் வாங்கப் போகிறீர்களா? காசு எண்ணும் முன் இதை வாசியுங்கள்



களுபோவில ஆஸ்பத்திரிக்கு நோயாளரைப் பார்க்க மலைநாட்டிலிருந்து வரும் குடும்பங்களை நாம் சந்திப்பதுண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் ஒரு இரவு தங்குவார்கள். வந்ததுதான் வந்தோம், கொழும்பில் இன்னொரு அலுவலையும் முடித்துக்கொண்டு போவோம் என்று நினைப்பார்கள். அப்படி வந்த ஒரு குடும்பத்தின் இன்னொரு அலுவல், ஒரு பழைய மெசின் வாங்குவது.

அவர்கள் தோட்டத்தில் டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் மரங்களை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். சரிவிலே விழுந்த கட்டையை லொறி நிற்கும் ரோட்டுக்கு இழுத்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. "சொந்தமா ஒரு மெசின் இருந்தா நாமளே செய்யலாம்" என்றான் மூத்த மகன். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஈ.பி.எப். பணத்தையும் சேவைக்காலப் பணத்தையும் வங்கியில் போட்டிருந்தார். களுபோவிலப் பக்கம் ஒரு குறுக்கு வீதியில் மெசினைக் காட்டினார்கள். "சின்ன ஸ்கிடர். நல்ல கண்டிஷன். நாளைக்கு வேற ஆள் காசோட வர்றாரு" என்றார் தரகர். அன்றைக்கே முழுப் பணமும் கைமாறியது.

எட்டு மாதம் கழித்து நிதிக் கம்பனி ஒன்றின் ஆட்கள் தோட்டத்துக்கு வந்து மெசினை ஏற்றிப் போனார்கள். விற்றவர் லீசிங் பணம் கட்டி முடித்திருக்கவில்லை. அந்த அம்மா எம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "பேப்பர்ல என்ன பார்க்கணும்னு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்தக் கேள்விக்காகவே இந்தக் கட்டுரை.

ஸ்கிடர் என்றால் என்ன?

வெட்டிய மரத்தை வெட்டிய இடத்திலிருந்து ரோட்டுக்கு இழுத்து வரும் இயந்திரமே ஸ்கிடர். நமது நாட்டில் இந்த வேலையை யானைகள் செய்து வந்தன. இன்றும் சில இடங்களில் செய்கின்றன. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் இதற்கென்றே தனி இயந்திரம் செய்தார்கள். ஜோன் டியர் கம்பனி தனது 440 என்ற ஸ்கிடரை 1965இல் வெளியிட்டது. உண்மையான ஸ்கிடரின் உடம்பு நடுவில் மடிந்து திரும்பும். நான்கு சக்கரமும் இழுக்கும். பின்னால் வின்ச், முன்னால் மண் தள்ளும் பிளேட் இருக்கும்.

இங்கே "சின்ன ஸ்கிடர்" என்று சொல்லி விற்கப்படுவது பெரும்பாலும் அதுவல்ல. பழைய நான்கு சக்கர ட்ரெக்டர் ஒன்றின் பின்னால் வின்ச் பொருத்தியிருப்பார்கள். சில நேரம் அது இரண்டு சக்கர லேண்ட் மாஸ்டராகவும் இருக்கும். அதில் தவறில்லை. ட்ரெக்டரும் நல்ல வேலை செய்யும். ஆனால் ட்ரெக்டருக்கு ட்ரெக்டர் விலை, வின்ச்சுக்கு வின்ச் விலை என்று தனித்தனியே கணக்குப் பாருங்கள். ஸ்கிடர் என்ற பெயருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

முதலில் பேப்பர், பிறகுதான் மெசின்

எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்குவதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

1. பதிவு செய்யப்பட்ட உரிமையாளரின் பெயர். உங்களுக்கு விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றா?

2. அப்சலூட் ஓனர் எனப்படும் முழு உரிமையாளரின் பெயர். அந்த இடத்தில் வங்கியோ நிதிக் கம்பனியோ இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்று பொருள், அல்லது தீர்ந்தும் பெயர் நீக்கப்படவில்லை. இரண்டில் எதுவானாலும் அந்தக் கம்பனியின் எழுத்துமூல விடுவிப்பு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். மேலே சொன்ன குடும்பம் பார்க்கத் தவறியது இந்த ஒரு வரியைத்தான்.

3. செசி நம்பரும் எஞ்சின் நம்பரும். மெசினில் வெட்டியிருக்கும் நம்பரைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். அந்த இடம் ராவியிருந்தாலோ புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள்.

கையில் தரும் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டியதில்லை. கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி அந்த வாகனத்தின் பதிவு விபரங்களைப் பெறலாம். களுபோவிலவிலிருந்து நாரஹேன்பிட்டி தூரமில்லை. அரை நாள் செலவானாலும் பரவாயில்லை.

"ஓபன் பேப்பர்ல தர்றேன்" என்பார்கள். விற்பவர் கையொப்பம் வைத்து, வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்ட படிவம் அது. அதை வாங்கிப் பெட்டியில் வைத்தால் மெசின் சட்டப்படி உங்களுடையது ஆகாது. உரிமை மாற்றத்தை 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விற்பவரும் நீங்களும் ஒன்றாகப் போய் அலுவலை முடிப்பதே நல்லது.

மெசினைப் பார்ப்பது எப்படி?

தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிப் போங்கள். விற்பவர் கூட்டி வரும் பாஸ் வேண்டாம். நீங்களும் சும்மா நிற்காமல் இவற்றைக் கவனியுங்கள்.

போனவுடன் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறும்வரை காத்திருங்கள். பழைய டீசல் எஞ்சினின் குறை, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். நீலப் புகை விட்டால் எஞ்சின் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகை தொடர்ந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் போகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் இஞ்செக்டரிலோ கம்பிரஷனிலோ குறை இருக்கலாம், தண்ணீர் உள்ளே போகவும் கூடும். ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த மெசினை அப்படியே விட்டுவிடுங்கள்.

கட்டை இழுத்த மெசினுக்குப் பின்பக்கம்தான் அடி. கொக்கி மாட்டும் இடம், பின் அச்சு உறை, வின்ச் பொருத்திய போல்ட்டுகள் எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு, பழைய வெல்டிங், அதன் மேல் பூசிய புதுப் பெயின்ட் தெரிகிறதா? பெயின்ட் அடித்தவர் எதை மறைக்கிறார் என்று கேளுங்கள்.

வின்ச் கம்பியை முழுதாக இழுத்து விரிக்கச் சொல்லுங்கள். வெளிச்சுற்று அழகாக இருக்கும். கெட்ட கம்பி உள்ளேதான் கிடக்கும். இழைகள் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால், நசுங்கியிருந்தால், முறுக்கு மடிந்திருந்தால் அந்தக் கம்பி குப்பைக்குரியது. பிறகு ஒரு கட்டையைப் பாதி தூரம் இழுத்து நிறுத்தச் சொல்லுங்கள். வின்ச் பிரேக் பிடித்து நிற்க வேண்டும். எஞ்சினிலிருந்து வின்ச்சைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 தடவை சுழலக்கூடியது. அதற்கு மூடி இல்லாவிட்டால் சாரமோ சேலையோ பட்ட மறுகணம் ஆளையே சுற்றிவிடும். மூடி இல்லாத மெசினை வேலைக்கு எடுக்க வேண்டாம்.

டயர், ரிம், கிளச், இரண்டு பக்கப் பிரேக், ஸ்டியரிங் ஆட்டம் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். மணி மீற்றர் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். மீற்றரை மாற்றலாம். தேய்ந்து வழுவழுத்த கிளச் மிதியும் கிழிந்த சீட்டும் பொய் சொல்லாது.

நியாய விலையைக் கண்டுபிடிப்பது

நியாய விலையைத் தரகர் வாயில் தேட வேண்டாம். உங்கள் கொப்பியில் போடும் கணக்கில்தான் அது இருக்கிறது. அதே மொடல், அதே வயது மெசினுக்கு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். பிறகு மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தைக்குப் போய், மாற்ற வேண்டிய சாமான்களின் விலையைக் கேட்டு எழுதுங்கள். பாஸின் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பழக ஒரு உதாரணம் தருகிறோம். இது சந்தை விலை அல்ல.

நல்ல நிலையில் உள்ள அதே மெசின்: 10 இலட்சம்.
டயர், கிளச் வேலை: 1 இலட்சத்து 80 ஆயிரம்.
வின்ச் கம்பி, பிரேக்: 70 ஆயிரம்.

திருத்தச் செலவு மொத்தம் 2 இலட்சத்து 50 ஆயிரம். ஆகவே இந்த மெசினுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை 7 இலட்சத்து 50 ஆயிரம். பேச்சைக் கீழேயிருந்து தொடங்குங்கள், அந்த இடத்தில் நிறுத்துங்கள். மேலே போனால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் ஏழரை இலட்சம் கையில் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். திருத்தத்துக்கு இரண்டரை இலட்சம் வேண்டும். லொறிக் கூலியும் பேப்பர் செலவும் 60 ஆயிரம் என்று வைப்போம். மொத்தம் 10 இலட்சத்து 60 ஆயிரம். மெசினை வாங்கிவிட்டுத் திருத்தக் காசில்லாமல் லயத்துக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான்.

இன்னொன்று. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு, 2025இல் படிப்படியாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை மிகவும் ஏறியது. "இதே மெசின் அந்த நேரம் இவ்வளவு போச்சு" என்று யாராவது சொன்னால், இன்றைய விலையைக் கேளுங்கள்.

வேலை இருக்கிறதா?

டீசல், டிரைவர் கூலி, தேய்மானத்துக்கு ஒதுக்குவது எல்லாம் போக ஒரு நாளைக்கு 5,000 ரூபா மிஞ்சுகிறது என்று வைப்போம். 10 இலட்சத்து 60 ஆயிரத்தை மீட்க 212 நாள் வேலை வேண்டும். மாதம் 8 நாள் வேலை கிடைத்தால் இரண்டு வருசத்துக்கு மேல் போகும். மழைக்காலத்தில் சரிவிலே மெசின் இறக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

தோட்டத்து மரம் நமது மரமல்ல. அதை வெட்டவும் ஏற்றவும் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மரம் கொண்டுபோக எந்த இனத்துக்கு எந்த அனுமதிப்பத்திரம் தேவை என்பதை வனத் திணைக்களத்தின் வட்டார அலுவலகத்தில் கேளுங்கள். "தொரை வாயால சொன்னாரு" என்பது போதாது. எத்தனை மாதம், என்ன கூலி, டீசல் யார் பொறுப்பு என்று கடதாசியில் வந்த பிறகு மெசின் தேடுங்கள். ஓட்டுபவருக்கு உரிய லைசன்ஸும் இருக்க வேண்டும். லேண்ட் மாஸ்டருக்கு ஜி1, நான்கு சக்கர ட்ரெக்டருக்கு ஜி வகுப்பு.

வேலை நிச்சயமில்லை என்றால் ஒரு மெசினைச் சில வாரம் வாடகைக்கு எடுத்துச் செய்து பாருங்கள். அந்த வாடகை நட்டமாகாது. மெசின் வாங்கலாமா என்று அதுவே சொல்லிவிடும்.

உயிருக்கு விலை இல்லை

ட்ரெக்டரில் கட்டை இழுக்கும்போது சங்கிலியை எப்போதும் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே மாட்டினால், கட்டை ஒரு வேரில் சிக்கிய உடன் முன்சக்கரம் எழும்பி மெசின் பின்னால் கவிழும். குதிக்க நேரம் இருக்காது. ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இல்லாத மெசினுக்கு அதைப் பொருத்தும் செலவையும் கணக்கில் சேருங்கள். கம்பி இழுபடும்போது அதன் நேரே யாரும் நிற்கக் கூடாது. அறுந்த கம்பி சாட்டை போல அடிக்கும். கொழுந்து மலை வழியாகக் கட்டையை இழுத்துக் கானை உடைக்கவும் வேண்டாம். அடுத்த மழைக்கு அந்த வழியால் மண் முழுக்க இறங்கிவிடும்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஈ.பி.எப்.இல் தொழிலாளியின் பங்கு 8 வீதம், தொழில் தருநரின் பங்கு 12 வீதம். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதை எடுக்கலாம். ஒரு ஆயுளுக்கு ஒரு தடவை கைக்கு வரும் பணம் அது. மகனுக்குத் தொழில் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் பணம் அம்மாவுடையது என்றால், மெசின் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். கொப்பிக் கணக்கை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் "சரி" என்று சொன்ன பிறகு காசை எண்ணுங்கள்.

"நாளைக்கு வேற ஆள் வர்றாரு" என்று தரகர் சொன்னால், வரட்டும். மெசின் இன்னொன்று கிடைக்கும்.