ஸ்டேஷன் பெஞ்சில் ஐந்து பையன்கள்

ஓணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. இரவு பத்தரை மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். பஜார் ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் தாயார் நின்றிருந்தார். கணவர் மிளகு கோடவுனில் சுமை தூக்குபவர், அன்று பார்த்து ஊருக்குப் போயிருந்தார். "அண்ணே, நம்ம பயலை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார். பையனுக்கு வயது பதினேழு, பிளஸ் டூ படிக்கிறான்.

எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். துணைக்கு நம் கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவரைப் போனில் கூப்பிட்டேன். "கோயில் காரியம் வேறே, போலீஸ் காரியம் வேறே" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் இருபது வருஷமாக அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன். உற்சவத்துக்கு மைக் அனுமதி, ஊர்வலத்துக்குப் பந்தோபஸ்து, இந்த இரண்டுக்கு மேல் போலீஸாரிடம் நமக்கு என்ன பேச்சு?

ஸ்டேஷனில் ஐந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னாலேயே, இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளிவாசலின் செயலாளர் வந்திருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், அவ்வளவு அவசரம். சப் இன்ஸ்பெக்டரிடம் அவர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: "இதில் மூன்று பேர் எங்கள் மஹல்லுப் பிள்ளைகள். நாலாமவன் இந்த அம்மாவின் மகன். எங்கள் மதிலோரம் பந்து விளையாடுகிறவன், எனக்குத் தெரியும். இந்த நாலு பேருக்கும் நான் பொறுப்பு. ஐந்தாமவனுக்காக நான் பேச மாட்டேன்."

நாலு பேரும் அன்றிரவே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பெற்றோருடன் வந்து பேச வேண்டும் என்று உத்தரவு. ஐந்தாமவன் அங்கேயே இருந்தான். அவனுக்கு இருபத்துநாலு வயதிருக்கும்.

அந்த ஐந்தாமவனைப் பற்றிப் பிறகு விசாரித்தேன். கும்பல் என்றால் கத்தியோடு வருவது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது வருவது பிரியாணியோடு. போன் ரீசார்ஜ் தீர்ந்தால் செய்து தருவான். சுற்றிவரத் தன் பைக்கைக் கொடுப்பான். ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதத்தைக் கட்டுவான். மூன்று மாதம் கழித்து, "ஒரு சின்ன வேலை, இந்தப் பொட்டலத்தைத் தோப்பும்படியில் கொடுத்துவிட்டு வா" என்பான். கடன்பட்ட பையன் எப்படி மறுப்பான்? அப்புறம் ஒரு நாள் யாரையோ மிரட்டுவதற்கு எண்ணிக்கை காட்ட இவர்களையும் நிறுத்துவான். கேரளத்தில் கூலிக்கு அடிக்கிறவர்களுக்குக் கொட்டேஷன் கும்பல் என்றே பெயர். ஏதோ டெண்டர் விடுகிற மாதிரி! நம் பையன் அன்று நின்றது அப்படி ஒரு வரிசையில்தான்.

பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. போலீஸ் என்றால் ஒதுங்குவது மட்டாஞ்சேரிக்குப் பழைய பழக்கம். துறைமுகத்தில் அப்போது சாப்பா முறை இருந்தது. அன்றைய வேலைக்கான வில்லைகளைக் கங்காணி கூட்டத்துக்குள் வீசுவான். தொழிலாளர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பொறுக்க வேண்டும். அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் போராட்டத்தில் உயிர்விட்ட மூவரின் பெயர்களை இன்றும் இங்கே நினைவுகூர்கிறார்கள். தாத்தா சொன்ன கதை பேரன் காதில் இருக்கும் ஊரில், ஸ்டேஷன் படியேறி ஒருவர் பேசுகிறார் என்றால் அதற்குத் துணிச்சல் வேண்டும்.

பள்ளிவாசல் செயலாளர் அன்று செய்ததைப் பெரிய அளவில் செய்து பார்த்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். 1990-ல் அங்கே 152 கொலைகள் நடந்தன. 1992 மே மாதம், சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞன் ஒருவனின் இறுதிச் சடங்கு மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கும்பல் உள்ளே புகுந்து இன்னொருவனைக் கத்தியால் குத்தியது. ஆலயத்துக்குள்ளேயே நடந்த பிறகு போதகர்கள் சும்மா இருக்க முடியவில்லை. யூஜின் ரிவர்ஸ், ஜெஃப்ரி பிரவுன், ரே ஹாமண்ட் முதலியோர் சேர்ந்து 'டென் பாயிண்ட் கூட்டணி' என்று ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில் தெருத்தெருவாக நடந்து பையன்களோடு பேசினார்கள். இத்தனைக்கும் ரிவர்ஸ் முன்பு போலீஸைக் கடுமையாகத் தாக்கிப் பேசியவர். அவருடைய வீட்டின் மீதே 1991-ல் குண்டு பாய்ந்திருந்தது.

போலீஸோடு நாளடைவில் அவர்களுக்கு ஏற்பட்டது ஒரு எழுதாத ஒப்பந்தம். உண்மையில் ஆபத்தான சிலரைப் பிடித்தால் நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால் தெருவில் நிற்கிற கறுப்பினப் பையனையெல்லாம் சுவரோடு நிறுத்திச் சோதித்தால் பத்திரிகைக்குப் போவோம். 1996-ல் 'ஆப்பரேஷன் சீஸ்ஃபயர்' தொடங்கியபோது, கும்பல்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிய கூட்டங்களில் போலீஸாரும் போதகர்களும் ஒரே பக்கம் அமர்ந்தார்கள். 1999-ல் கொலைகள் 31 ஆகக் குறைந்திருந்தன. எல்லாம் போதகர்களால்தான் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கா முழுவதுமே அக்காலத்தில் குற்றங்கள் குறைந்தன. ஆனால் 2000-க்குப் பிறகு கூட்டுறவு தளர்ந்ததும் அதே நகரில் எண்ணிக்கை மறுபடி ஏறியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடி இருக்கிறது, கும்பலுக்காக அல்ல, கலவரத்துக்காக. 1984-ல் பற்றியெரிந்த பிவண்டியில், 1988-ல் போலீஸ் அதிகாரியாக வந்த சுரேஷ் கோப்டே இரு மதத்தவரையும் சேர்த்து மொஹல்லா கமிட்டிகள் அமைத்தார். பாபர் மசூதி இடிப்புக்குப் பின் 1992-93-ல் பம்பாய் எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. பிறகு பம்பாயிலும் சதீஷ் சாஹ்னி, ஜூலியோ ரிபேரோ ஆகியோரின் முயற்சியில் அத்தகைய கமிட்டிகள் வந்தன. பையன்களைச் சேர்க்க அவர்கள் கையிலெடுத்தது கிரிக்கெட்.

கேரளத்தில் 2008-ல் ஜனமைத்ரி திட்டம் வந்தது. பீட் அதிகாரி வீடு வீடாக வந்து அறிமுகம் செய்துகொள்கிறார். ஸ்டேஷன் அளவில் ஊர்க்காரர்கள் அடங்கிய சமிதி இருக்கிறது. 2010 ஆகஸ்டில் பள்ளிகளில் ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் திட்டமும் தொடங்கியது. கதவுகள் திறந்துதான் இருக்கின்றன, நாம்தான் போவதில்லை. பீட் அதிகாரி வந்தால் வாடகைச் சீட்டைக் கேட்பாரோ என்று பயந்து, "வீட்டில் ஆம்பிளைங்க இல்லை" என்று கதவைச் சாத்துகிறோம். பையன் தப்பான சேர்க்கையில் இருக்கிறான் என்று தெரிந்தால், ஊரில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஆறு மாதத்தில் அவன் திரும்பி வருவான். இவனுக்காகக் காத்திருக்கிறவர்கள் அதே முனையில்தான் நிற்பார்கள்.

2025 பிப்ரவரி கடைசியில் தாமரசேரியில் நடந்ததை மறக்க முடியுமா? டியூஷன் சென்டர் பிரிவு உபசார விழாவில் ஏற்பட்ட ஒரு கேலிப் பேச்சு, அடிதடியாக வளர்ந்து, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் உயிரைக் குடித்தது. அடித்தவர்களும் மாணவர்களே.

வடகேரளத்தில் சில மஹல்லு கமிட்டிகள், போதைப்பொருளில் சிக்கியவர்களின் திருமணத்துக்கு ஒத்துழைப்பதில்லை என்று தீர்மானித்தன. அவர்களின் வேதனை புரிகிறது, ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. பள்ளிவாசலும் கோயிலும் கதவைச் சாத்திவிட்டால், திறந்திருப்பது பிரியாணிக்காரன் கதவு ஒன்றுதான். அதேபோல், ஒவ்வொரு பையனையும் பற்றிப் போலீஸுக்குத் துப்புச் சொல்லும் கமிட்டியும் உதவாது. அடுத்த வாரம் முதல் ஒரு பையன்கூட அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டான்.

பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பதினெட்டு வயது ஆகாதவர்களை லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நல அதிகாரி என்று ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை. அலறியடித்துக்கொண்டு வக்கீலைத் தேடுமுன் அவரைத் தேடலாம்.

மட்டாஞ்சேரியில் அரை மணி நேரம் நடந்தால் கொங்கணியரின் திருமலை தேவஸ்வம் கோயில், 1568-ல் எழும்பிய யூதர் ஜெபாலயம், செம்பிட்ட பள்ளி, 1653-ல் சத்தியம் செய்த கூனன் குரிசு எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். சுற்றுலாப் பயணிகளுக்குப் பெருமையாகக் காட்டுகிறோம். இவற்றைச் சுற்றி வாழ்கிறவர்கள் தங்கள் பையன்களைப் பற்றிப் பேச ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். கோயில் காரியம் வேறே என்ற பெரியவரும் வந்திருந்தார், எனக்குப் பக்கத்தில்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பிய இரவு, மகன் முன்னால் தலைகுனிந்து நடக்க, அந்தத் தாய் என்னிடம் மெல்லக் கேட்டார்: "அண்ணே, அந்த அஞ்சாவது பையனுக்கு ஆளு யாரும் வரலையே, அவனுக்கு அம்மா இல்லையா?" எனக்குத் தெரியவில்லை. பள்ளிவாசல் செயலாளரிடம் பிறகு கேட்டேன். பள்ளுருத்தியில் இருக்கிறாராம். அவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

நம் சங்கத்தின் சார்பில் ஜனமைத்ரி சமிதிக் கூட்டங்களுக்குப் போய்வர இரண்டு பேர் தேவை. மலையாளம் சரளமாகப் பேசுகிறவர்களாகவும், அதில் ஒருவராவது பெண்மணியாகவும் இருந்தால் நல்லது. இரவு பத்தரை மணிக்குக் கதவு தட்டினால் எழுந்து வருகிறவர்களாக இருக்க வேண்டும். பெயர்களைச் செயலாளரிடம் கொடுக்கலாம். பெரியவர் தம் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.